ரூமி மஸ்தகி

அன்புள்ள கதிர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. அம்மாவுக்குக் கண் அறுவை நடந்தது. நேரம் தவறாமல் சொட்டு மருந்து விடுவதிலேயே நாள் போய்விட்டது. இப்போது நன்றாகத் தெரிகிறது என்கிறார். நேற்று ஊசியில் தானே நூல் கோத்தார்.

உன் பெண் கம்ப்யூட்டர் பாடத்தில் 'பைசண்டைன் தளபதிகள்' என்று ஒரு கணக்குப் படிக்கிறாள், அது நாம் கல்லூரியில் படித்த பைசாந்தியப் பேரரசுதானா என்று கேட்டிருந்தாய். அதேதான். அந்தச் சொல்லோடு எனக்குப் பழைய வழக்கு ஒன்று உண்டு, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மொழிபெயர்க்க வரும் ஆங்கிலக் கட்டுரைகளில் மாதம் ஒரு முறையாவது அது தலைகாட்டும். வரி விதிகள் பைசண்டைன், கட்சி உள்விவகாரம் பைசண்டைன். நான் 'இடியாப்பச் சிக்கல்' என்று போட்டுவிடுவேன். சதி, சூழ்ச்சி வாடை அடித்தால் வேறு சொல் தேட வேண்டும். ஓவியம் பற்றிய கட்டுரையில் அதே சொல் பாராட்டாக வரும். இத்தாலியின் ரவென்னா நகரத் தேவாலயச் சுவர்களைப் படத்தில் பார்த்திருப்பாய். கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே தங்க ரேக்கை வைத்து, ஒவ்வொரு சில்லையும் சற்றே வேறு வேறு கோணத்தில் பதித்திருப்பார்கள். விளக்கு அசைந்தால் சுவரே மினுங்கும். அப்படிச் செய்தவர்களின் பெயர் எப்படி வசைச்சொல் ஆனது?

பைசாந்தியோன் என்பது பாஸ்பரஸ் நீரிணைக் கரையில் கிரேக்கர்கள் குடியேறிய ஊர். கி.பி. 330இல் ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் அதைத் தன் தலைநகராக்கினான். ஊர் கான்ஸ்டான்டினோபிள் ஆயிற்று, இன்றைய இஸ்தான்புல். பழைய பெயர் புலவர்களின் எழுத்தில் எப்போதாவது எட்டிப் பார்த்ததோடு சரி. 1453இல் நகரம் துருக்கியர் கைக்குப் போகும்வரை அந்த மக்கள் தங்களை ரோமர் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். பேசியது கிரேக்கம், ஆனாலும் ரோமர். 'பைசாந்தியப் பேரரசின் குடிமகன்' என்று அவர்களில் ஒருவரிடம் சொல்லியிருந்தால் விழித்திருப்பார்.

பேரரசுக்கு அந்தப் பெயர் ஒட்டியது அது அழிந்த பிறகு. 1557இல் ஹிரோனிமஸ் வொல்ஃப் என்ற ஜெர்மானிய அறிஞர் அந்த நாட்டு வரலாற்று நூல்களைத் தொகுத்து, தலைப்பில் 'பைசாந்திய' என்று போட்டார். அவர் யாரையும் இகழவில்லை. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் மாண்டெஸ்கியூவும் ஆங்கில வரலாற்றாளர் கிப்பனும் அந்த ஆயிரம் ஆண்டுகளை அரண்மனைச் சதியும் மூடநம்பிக்கையுமாக எழுதிவைத்தார்கள். அப்புறம் பெயர் வசையாக எத்தனை நாள் ஆகும்?

உன் பெண்ணின் கணக்குக்கு வருகிறேன். 1982இல் கம்ப்யூட்டர் அறிஞர் லெஸ்லி லாம்போர்ட்டும் இரண்டு சகாக்களும் எழுதிய கட்டுரை அது. ஒரு நகரை முற்றுகையிட்ட தளபதிகள் தூதர் மூலமே பேசிக்கொள்ள முடியும், சிலர் துரோகிகள். நல்லவர்கள் ஒரே முடிவுக்கு வருவது எப்படி? வாய்வழிச் செய்தி மட்டும்தான் என்றால், ஒரு துரோகியைச் சமாளிக்கக் குறைந்தது நான்கு தளபதிகள் வேண்டும். அழகான கணக்கு. ஆனால் லாம்போர்ட் முதலில் நினைத்தது அல்பேனியத் தளபதிகளை. அல்பேனியர்கள் வெளிநாடுகளிலும் இருக்கிறார்களே என்று ஒரு சகா எடுத்துச் சொன்ன பிறகுதான் பைசாந்தியத்துக்கு மாறினார். மனம் நோக அங்கே யாரும் மிச்சமில்லை என்பது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது.

மிச்சம் இல்லாமலும் இல்லை, கதிர். ஏஜியன் கடலின் லெம்னோஸ் தீவில் பிறந்த வரலாற்றாளர் பீட்டர் கரானிஸ் சிறு வயதில் கண்டதைச் சொல்லியிருக்கிறார். அதுவரை துருக்கியர் ஆட்சியில் இருந்த அந்தத் தீவில் 1912இல் கிரேக்கப் படை இறங்கியது. சிறுவர்கள் வேடிக்கை பார்க்க ஓடினார்கள். "என்ன பார்க்கிறீர்கள்?" என்று ஒரு சிப்பாய் கேட்டான். கிரேக்கர்களைப் பார்க்கிறோம் என்றார்கள். "நீங்கள் கிரேக்கர் இல்லையா?" "இல்லை, நாங்கள் ரோமர்." நகரம் விழுந்து 459 ஆண்டுகள் ஆகியிருந்தன!

போன வாரம் அம்மாவின் வயிற்றுக்கு வைத்தியர் ரூமி மஸ்தகி எழுதிக்கொடுத்தார். நாட்டு மருந்துக்கடைக்காரர் காகிதத்தில் மடித்துத் தந்தார். கண்ணீர்த் துளி போல, வெளிர் மஞ்சள் பிசின். ஒன்றை வாயில் போட்டால் முதலில் மண்ணாக உதிர்கிறது, மெல்ல மெல்ல மெழுகாகிவிடுகிறது. ஏஜியன் கடலில் கியோஸ் தீவின் தென்பகுதி மரங்கள்தான் இதற்குப் பேர்போனவை. பைசாந்தியப் பேரரசை அரபுக்காரர்கள் 'ரூம்' என்றார்கள், ரோம் என்பதன் அரபு வடிவம். கவிஞர் ரூமியின் பெயரும் அந்த மண்ணில் வாழ்ந்ததால் வந்ததுதான். பைசாந்தியர்கள் தங்களை அழைத்துக்கொண்ட பெயர் நம்மூர் மருந்துக்கடை டப்பாவில் ஒட்டியிருக்கிறது என்று தெரிந்தபோது, கடையிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

இந்தக் கடிதத்தோடு நான்கைந்து துளி மடித்து வைத்திருக்கிறேன். பெண்ணிடம் கொடுத்து, லெம்னோஸ் பிள்ளைகளின் கதையையும் சொல். சித்திரைத் திருவிழாவுக்கு மூவரும் வாருங்கள். அம்மா உன்னைக் கண்ணாடி இல்லாமல் பார்க்க வேண்டும் என்கிறார்.

அன்புடன்,
முருகேசன்