எட்டு நாள் கணக்கு

அன்புள்ள மணி,

உன் கடிதம் வந்து கிடக்கிறது. வீட்டு நிலவரம் எழுத விடவில்லை.

கமலாவுக்குத் தைராய்டு அறுவை முடிந்து, கதிரியக்க அயோடின் கொடுத்திருக்கிறார்கள். தனி அறை, தனித் தட்டு. நான் வாசற்படியில் நின்றுதான் பேசுகிறேன். கல்யாணமான நாளிலிருந்தே இந்தத் தூரத்தைக் கடைப்பிடித்திருக்கலாம் என்கிறாள்.

பொழுது போகாமல், நடப்பதெல்லாம் முன்பே தீர்மானமானதா என்ற நம் பழைய சண்டையை மனதுக்குள் தொடர்ந்தேன். ஆமாம் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸின் கட்சி நீ. அவர் 1814-இல் எழுதியதை விடுதி மொட்டைமாடியில் முழங்குவாயே: எல்லாத் துகள்களின் நிலையும் விசைகளும் தெரிந்த பேரறிவு ஒன்று இருந்தால், அதற்கு நாளையும் நேற்றும் ஒன்றுதான். மெஸ் சாம்பாரில் என்ன கிடந்தது என்பதும் அதற்குத் தெரியுமா என்று தாடி கேட்டான்.

கமலாவுக்குக் கொடுத்த அயோடின்-131-இன் அரை ஆயுள், அதாவது அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம், எட்டு நாள். அது பிசகாது, அதை நம்பித்தான் டாக்டர் தேதி குறிக்கிறார். ஆனால் ஒற்றை அணுவைக் காட்டி, இது எப்போது சிதையும் என்று கேள், பதில் கிடையாது. இம்மியும் வேறுபடாத இரண்டு அணுக்களில் ஒன்று இன்றே போகும், மற்றது அடுத்த மாதமும் இருக்கும்.

உள்ளே ஏதோ காரணம் ஒளிந்திருக்கிறது என்பாய். ஐன்ஸ்டைனுக்கும் அந்த எண்ணம்தான். 1964-இல் ஜான் பெல் அதைச் சோதிக்க வழி காட்டினார். சோதித்த கிளாசர், ஆஸ்பே, சைலிங்கர் மூவருக்கும் 2022-இல் நோபல். தொலைவில் நடப்பது இங்கே உடனே பாதிக்காது என்று வைத்துக்கொண்டால், ஒளிந்த காரணத்துக்கு இடமில்லை. அந்த அனுமானத்தைக் கைவிட்டால், ஒளிந்த காரணம் நுழைய ஒரு பின்வாசல் உண்டு. இயற்பியலாளர் டேவிட் போம் 1952-இல் திறந்து வைத்தார். நீ அதில்தான் நுழைவாய்.

எனக்கு எரிச்சல் வேறு. ஹெய்சன்பர்க் 1927-இல் கண்ட நிச்சயமின்மைக் கோட்பாட்டை, அளக்கப்போனால் எலக்ட்ரான் நகர்ந்துவிடும் என்ற அளவில் நமக்குச் சொல்லிக்கொடுத்து முடித்துவிட்டார்கள். கருவியின் முரட்டுத்தனம் பற்றிய பேச்சா அது? இடம், உந்தம் இரண்டும் ஒருசேரத் துல்லியமாக இருக்கும் நிலை ஒன்றே குவாண்டம் கணிதத்தில் இல்லையே! அளப்பவன் இல்லாவிட்டாலும் இல்லை.

'இந்த வகையில் பெரும்பாலோர் குணமாகிறார்கள்' என்கிறார் டாக்டர். இவளுக்கு எப்படி என்று கேட்டேன். பேச்சை மாற்றினார். அது குவாண்டம் அல்ல, வெறும் தகவல் குறைவு, இரண்டையும் குழப்பாதே என்பாய். தெரியும். தெரிந்தும் ராத்திரி தூக்கம் வரவில்லை, மணி.

அடுத்த வாரம் ஸ்கேன். வந்து இரு. பேரனை அழைத்து வராதே, குழந்தைகளைக் கிட்டே விடக்கூடாதாம். போமுக்கான வாதத்தைத் தயார் செய்துகொண்டு வா.

உன்,
ராகவன்