பாப்பா பெயர் விஷயமாக எங்கள் குடும்பக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெரியப்பா, அத்தைமார், மாமாமார், நடுச்சாமத்தில் வாட்ஸ்அப்பில் ஓட்டெடுப்பு நடத்தும் தம்பி தங்கைகள் எல்லாருக்கும்,

வணக்கம். பாப்பாவுக்குத் தையல்நாயகி என்று பெயர் வைக்கப்போவதாகச் சொன்ன நாளிலிருந்து நடப்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். ஆனால் நேற்று, முப்பதாம் நாள் விசேஷத்துக்கு அத்தை சொல்லிவைத்த கேக்கின் படம் வந்தது பாருங்கள், அதில் 'ஆத்விகா' என்று இருந்தது. யார் அது? எங்கள் வீட்டில் அப்படி யாரும் பிறக்கவில்லையே.

"தையல் கடை வைக்கப்போகிறாளா?" என்று இதுவரை பதினொரு பேர் கேட்டாயிற்று. தையல் என்றால் பெண், அழகானவள். வைத்தீஸ்வரன் கோயில் அம்பாளின் பெயர் அது, எங்கள் பாட்டிக்கும் அதுதான். (பாட்டிக்கு ஊசியில் நூல் கோக்கக்கூட வராது.) சீன டீச்சர் வாயில் நுழையாதாம்! சுவா சூ காங், சிராங்கூன் என்கிற பேட்டைப் பெயர்களெல்லாம் எல்லார் வாயிலும் நுழைகிற சிங்கப்பூர் இது. ஆங்கிலத்தில் 13 எழுத்து வருகிறது என்றார் பெரியப்பா. அவர் பெயரையும் எண்ணிப் பார்த்தேன், மரியாதை கருதிச் சொல்லவில்லை.

ராத்திரி மூன்று மணிக்குப் பால் கொடுக்கும்போது பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வரும். அடுத்த அறையில் அத்தை படுத்திருப்பது ஞாபகம் வந்து 'பாப்பா' என்று நிறுத்திக்கொள்வேன். மஞ்சள் காமாலை பார்க்கப் போன இடத்திலும் என் பெயரைச் சொல்லி, இன்னாருடைய குழந்தை என்றுதான் கூப்பிட்டார்கள். இன்றோடு 28 நாள், பெற்ற மகளை நான் ஒரு தடவைகூடச் சத்தமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

42 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். கைப்பேசியிலேயே பதிந்துவிடலாம், 2022-லிருந்து சான்றிதழே டிஜிட்டல்தான். அந்தப் படிவத்தில் உங்கள் ஓட்டெடுப்பு முடிவைக் கேட்கும் கட்டம் எதுவும் இல்லை. அவள் பெயர் தையல்நாயகி.

ஏப்ரலில் தமிழ்மொழி விழா என்றால் முதல் வரிசையில் போய் உட்காருகிறோம், வீட்டுப் பிள்ளைக்குப் பெயர் என்று வந்தால் மட்டும் ஷ், க்ஷ், த்வி எதாவது ஒன்று இருந்தாக வேண்டும். அலமேலு, செண்பகம், அங்கயற்கண்ணி எல்லாம் மாலை போட்ட படத்தில்தான் இருக்க வேண்டுமா?

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், தூக்கம் இல்லை, மன்னியுங்கள். தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமை வந்து, அவள் காதில் தையல்நாயகி என்று மூன்று முறை சொல்லி வாழ்த்திவிட்டுப் போங்கள். அத்தை, கேக் கடைக்கு இன்றே ஒரு போன் போட்டுவிடுங்களேன். எழுத்து கூடுதல் என்றால் கொஞ்சம் பெரிய கேக்காகவே போடட்டும், காசு நான் தருகிறேன்.