சூடைமீனும் கச்சான் சரையும்

திருகோணமலை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்து மூன்று கிழமை ஆகிறது. எழுதக் கை வரவில்லை.

அம்மாவின் அந்தியேட்டிக் கிரியைக்குக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனோம். இராவணன் தாய்க்குக் கடன் கழித்த இடம் என்பார்களே, அங்கேதான். ஏழு கிணறும் ஏழு சூடு. வாளியால் அள்ளித் தலையில் ஊற்றும்போதாவது அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் நல்லவர்கள்தான். “87 வயது, நிறைவான சாவு” என்றார்கள். நான் வாயைத் திறந்தால் அவரவர் தாயின் கதை தொடங்கிவிடும்.

போன வெள்ளி டச்சுக் குடாக் கடற்கரையில் நம் கணித மாஸ்டரைக் கண்டேன். கச்சான் கடலைச் சரையும் கையுமாக இருந்தார். “அம்மா கடைசியாக என்ன சாப்பிட்டார்?” என்று கேட்டார். அதை அதுவரை யாரும் கேட்கவில்லை. பிட்டும் சூடைமீன் குழம்பும் கேட்டார் அம்மா. உப்புக் கூடாதென்று நான் மூன்று நாளும் கஞ்சியே கொடுத்தேன். சொல்லிவிட்டு நிறுத்தினேன். மாஸ்டரும் பேசாமல் இருந்தார். ஒரு கச்சானைக்கூட உடைக்கவில்லை. நெடுநேரம் கழித்து, “சூடைமீன் கேட்டிருக்கிறார்” என்றார், அவ்வளவுதான். அழுதுவிட்டேன், மச்சான், இத்தனை சனம் நடமாடும் இடத்தில். குற்ற உணர்வு போய்விடவில்லை. ஆனால் அன்றிரவு விடியும்வரை தூங்கினேன்.

கொழும்பில் இருந்த காலத்தில் அவர் சுமித்ரயோவில் தொண்டராக இருந்தாராம். 1974 முதல் இயங்கும் அமைப்பு. மனம் நொந்து வருபவருக்கு அறிவுரை சொல்லாமல் காது கொடுப்பதுதான் அங்கே வேலை. அதற்குப் பயிற்சியும் உண்டாம். “உங்களுக்குக் கணிதம் படிப்பித்ததைவிடக் கஷ்டம்” என்று சிரித்தார். நம் வகுப்பை நினைத்தால் நம்ப முடியவில்லை.

வீடு திரும்பும்போது உன் நினைவுதான். போன வருடம் மகன் வீட்டைவிட்டுப் போனதைத் தொலைபேசியில் சொல்லத் தொடங்கினாய். இரண்டாவது வசனம் முடியுமுன் “எல்லாம் சரியாகும்” என்றேன். நீ உடனே மழையைப் பற்றிப் பேசினாய். நானும் மழையைப் பற்றியே பேசினேன். இப்போது உறைக்கிறது.

சித்திரை விடுமுறையில் பஸ் ஏறி வா. கோட்டை மான்கள் இன்னமும் கோணேசர் கோயில் வழியில்தான் நிற்கின்றன. பார்த்துவிட்டுக் கடற்கரைக்குப் போவோம். மகனுடைய கதையை முதலிலிருந்து சொல். கச்சான் என் செலவு.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்