செயலாளர் ஆண்டறிக்கை 2024-25: கூலியிலா போட்டி, துணியிலா?

மதிப்பிற்குரிய தலைவர், செயற்குழுவினர், திருப்பூர் நிட்டிங் ஜாப் ஒர்க் தொழிலில் இருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழுவில் அதிகம் பேசப்பட்டது கூலிக் குறைப்புதான்; அதாவது, பிறர் தரும் நூலைத் துணியாகப் பின்னிக் கொடுக்க நாம் கிலோ கணக்கில் வாங்கும் கூலி. ஒரு ஷெட்டில் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்தால், ஆர்டர் கொடுப்பவர்கள் அடுத்த ஷெட்டிலும் அதையே காட்டிக் குறைக்கச் சொல்கிறார்கள். 2022 செப்டம்பரில் மின்சார நிலைக்கட்டணம் உயர்ந்த பிறகு, மெஷினை நிறுத்தினாலும் செலவு நிற்பதில்லை. சும்மா நிற்பதற்கு ஓடட்டும் என்று கட்டுப்படியாகாத கூலிக்கும் ஆர்டர் எடுக்கிறோம். அப்புறம் தேய்ந்த ஊசியை மாற்றத் தள்ளிப்போடுகிறோம். ஒரே ஆபரேட்டர் தலையில் கூடுதல் மெஷின்களைக் கட்டுகிறோம். துணியில் ஓட்டையும் நீடில் லைனும் (ஊசிக் கோளாறால் வரும் கோடு) விழுகின்றன. பல நேரம் சாயம் ஏறிய பிறகுதான் அது பளிச்சென்று தெரிகிறது. அதற்குள் நூல், சாயம், தண்ணீர், ஆவி எல்லாம் வீண். ஓட்டிய கிலோ கூடியிருக்கும், தைக்கத் தேறும் துணி குறைந்திருக்கும். இதை உற்பத்தித் திறன் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

போட்டியே கூடாது என்பதல்ல. இந்த ஊர் வளர்ந்ததே அதனால்தான். ஒருவர் நல்ல மெஷின் இறக்கினால் பக்கத்து ஷெட்காரர் போய்ப் பார்ப்பார். மெக்கானிக் இடம் மாறும்போது அவர் கைவேலையும் கூடவே போகும். வாங்கும் நாடுகள் இறக்குமதிக்கு அளவு வைத்திருந்த ஜவுளிக் கோட்டா 2005-இல் முடிந்து, சீனா, வங்கதேசத்தோடு நேருக்கு நேர் நிற்க வேண்டி வந்தபோதும் அந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது.

எல்லோருக்கும் ஒரே கூலியைச் சங்கமே கட்டாயமாக்கலாம் என்று சிலர் கேட்டார்கள். விலையைக் கூடி நிர்ணயிப்பதை 2002 போட்டிச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு தடுக்கிறது. அதோடு, நன்றாக ஓட்டுபவருக்கும் ஏனோதானோவென்று ஓட்டுபவருக்கும் ஒரே கூலி என்றால் யார் ஊசி மாற்றுவார்கள்? அதற்குப் பதிலாக, ஒரு கிலோவுக்கான அடக்கச் செலவைத் தானே போட்டுப் பார்க்கும் வகுப்பு நடத்தினோம். மெக்கானிக்குகளுக்கான பயிற்சியும் நடந்தது.

செய்த வேலைக்கான பாக்கி வராததும் கூலியை இறக்குகிறது; கையில் காசில்லாதவர் பேரம் பேச முடியாது. உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் வேலை கொடுத்தவர் பணம் தர வேண்டும். தவறினால், பணம் தரும் ஆண்டில்தான் அவர் அதைத் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். 1961 வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவாக இந்த விதி 2023-24 நிதியாண்டில் நடப்புக்கு வந்தது. பதிவு செய்யாத உறுப்பினர்கள் இந்த மாதமே செய்துவிடுங்கள், சங்க அலுவலகத்தில் உதவி கிடைக்கும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் இப்போது வாசிப்பார். நன்றி.