செல்லப் பாம்பு: பல்லைவிடக் கிருமிக்கே அஞ்ச வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செல்லப் பாம்பு என்றதுமே பேச்சு கடிக்குத்தான் போகிறது. விஷமற்ற சிறிய பாம்பு கடித்தால் பெரும்பாலும் மேலோட்டமான கீறல்களே மிஞ்சும். அதைவிடக் கவலைப்பட வேண்டியது அதன் குடலில் இருக்கும், மனிதருக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமி. வளர்ப்பவர்கள்கூட இதை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

இந்தக் கிருமி இருக்கும் பாம்பு நல்ல ஆரோக்கியத்துடனேயே இருக்கும். கிருமி எச்சத்தில் எப்போதும் வராமல் அவ்வப்போது மட்டுமே வெளியேறுவதால், ஒருமுறை பரிசோதித்து ‘இல்லை’ என்று வந்தாலும் நம்பிவிட முடியாது. எச்சத்திலிருந்து பாம்பின் தோல், அது வாழும் தொட்டியின் சுவர், தண்ணீர் என எல்லா இடத்துக்கும் பரவும். பாம்பையே தொடாமல் தொட்டியை மட்டும் துடைத்தவர் கையிலும் அது இருக்கலாம். பெரியவர்களின் கை, உடை வழியாகவே கைக்குழந்தைக்குப் போய்ச் சேரும். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், 65 வயதைக் கடந்தவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோருக்கு வயிற்றுப்போக்கோடு நிற்காமல் கிருமி இரத்தத்திலும் கலக்கலாம். அப்படிப்பட்டவர்கள் உள்ள வீட்டில் பாம்பு வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. குழந்தையின் கழுத்தில் பாம்பைப் போட்டுப் படம் எடுப்பதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது.

பாம்பைத் தொடுவதற்கு முன்பும் பின்பும் சோப்புப் போட்டு, நகக்கண்ணும் விரலிடுக்கும் உட்பட 20 விநாடி தேய்த்துக் கழுவ வேண்டும். முன்பு கழுவுவது எதற்கு என்று பலர் கேட்பார்கள். கையில் எலி வாசனையோ வேறு செல்லப்பிராணியின் வாசனையோ இருந்தால் பாம்பு அந்தக் கையை இரையாக நினைத்துப் பாயும். சானிடைசர் தண்ணீர் கிடைக்காத நேரத்துக்கு மட்டும்தான்; அழுக்குப் படிந்த கையில் அது சரியாக வேலை செய்யாது.

பல பாம்புகள் தண்ணீர்க் கிண்ணத்திலேயே எச்சமிடும். அந்தத் தண்ணீரைத் தினமும் கழிப்பறையில் கொட்டுங்கள். சமையலறைத் தொட்டியில் கிண்ணத்தைக் கழுவவே கூடாது. கழுவுவதற்கென்று தனி வாளி, தனி பிரஷ் வையுங்கள். தொட்டியைச் சுத்தம் செய்யும்போது பாம்பை மூடியுள்ள வேறு பெட்டிக்கு மாற்றிவிட்டு, முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கைப் போக்க வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றினால் பிளீச் வீரியம் இழந்துவிடும். பிறகு 10 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு பிளீச் கலந்து, 10 நிமிடம் ஊறவிட்டு, வாடை போகும்வரை அலசி, நன்றாக உலர்த்துங்கள். பிளீச்சின் ஆவி பாம்பின் நுரையீரலைப் பாதிக்கும். பிளீச்சோடு அம்மோனியா, அமிலம் கலந்த எதையும் சேர்த்தால் நச்சு வாயு கிளம்பும். பீனால் வகைக் கிருமிநாசினிகள் ஊர்வனவற்றுக்கு விஷம்.

உணவாகத் தரும் எலியும் இதே கிருமியைச் சுமக்கும். உறைய வைத்தாலும் கிருமி சாகாது. இறுக மூடிய பையில், நம் உணவிலிருந்து தள்ளி வைத்து, ஃப்ரிட்ஜில் இரவு முழுக்க உறை இளகவிடுங்கள். பின் பையோடு வெந்நீரில் வைத்தால் உடல் சூட்டுக்கு வரும். மைக்ரோவேவ் கூடாது: சூடு சமமாகப் பரவாது, வயிறு வெடிக்கும், உணவு சூடாக்கும் இடமும் கெடும். நீண்ட இடுக்கியால் கொடுங்கள். உண்டபின் 48 மணி நேரம் பாம்பைத் தூக்காதீர்கள். இரையைக் கக்கிவிடும், அது அதன் உடலை வெகுவாகப் பலவீனப்படுத்தும்.

தூக்கும்போது மேலிருந்து தலையைப் பிடிக்காமல், பக்கவாட்டில் கை கொடுத்து, உடலை இரண்டு இடங்களில் தாங்குங்கள். கண் மங்கி, சட்டை உரிக்கத் தயாராக இருக்கும் நாட்களில் அதற்குப் பார்வை குறைவு, தொட்டால் மிரளும். 2 மீட்டரைத் தாண்டிய மலைப்பாம்பை ஒருபோதும் தனியாகக் கையாளாதீர்கள், கழுத்தில் போடாதீர்கள். சுற்றிக்கொண்டால் வால் பக்கத்திலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். வலிமை குறைந்த பகுதி அதுதான்.

கடித்துப் பிடித்துக்கொண்டால் இழுக்காதீர்கள். பற்கள் உள்நோக்கி வளைந்திருப்பதால் தோல் கிழியும், பல் முறிந்து உள்ளே தங்கும். குளிர்ந்த நீரை அதன் முகத்தில் ஓடவிட்டால் பெரும்பாலும் விட்டுவிடும். இல்லையேல் தலையைச் சற்று முன்னோக்கித் தள்ளி விடுவிக்கலாம். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் நன்கு கழுவி, டெட்டனஸ் ஊசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சலோடு வயிற்றுப்போக்கு வந்தால், பாம்பு வளர்ப்பதை மருத்துவர் கேட்காமலேயே சொல்லிவிடுங்கள். சொன்னால்தான் எந்தப் பரிசோதனை செய்வதென்று அவருக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஊர்வன வளர்ப்பாளர் ஒருவர்