நம்ம மிஷன் ஐக்கியத்தோட 2024 ஆண்டறிக்கை – மங்கோலியா வருஷம்

போதகர் ஐயா, தலைவர் அண்ணன், பொருளாளர் அக்கா, அங்கத்தினர்கள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கூட்டத்துல வாசிச்சப்ப பின்வரிசைல இருந்தவங்களுக்கு ஃபேன் சத்தத்துல பாதி கேக்கலயாம், அதனால முழுசா டைப் பண்ணி குரூப்புல போடுறேன். கணக்கு வழக்க பொருளாளர் அக்கா தனியா போடுவாங்க, இதுல தேடாதீங்க.

வருஷத்துக்கு ஒரு நாடு எடுத்து ஜெபிக்கிறது நம்ம வழக்கம், வழக்கமா யாராவது ஒருத்தர் ஒரு துண்டுப்பிரசுரத்த வாசிப்பாங்க, ரெண்டு பாட்டு, ஜெபம், அப்புறம் டீயும் ரஸ்க்கும், அதோட அந்த நாட்ட மறந்துருவோம். இந்த தடவ மங்கோலியா விழுந்துச்சு. கம்யூனிஸ்ட் ஆட்சி முடிஞ்சப்ப கிறிஸ்தவங்களே கிட்டத்தட்ட இல்லாத நாடு, அப்புறம் கிடுகிடுன்னு சபை வளந்த நாடுன்னு தலைப்பு போட்டு ஆரம்பிச்சோம். உள்ள போகப் போகத்தான் கத வேற மாதிரி இருக்குன்னு தெரிஞ்சுது. வாலிபர் குரூப்புல இருந்து வந்த பிள்ளைங்க சும்மா விடல, போன்ல தேடித் தேடி எடுத்துட்டு வந்தாங்க, அதனால கூட்டம் ஒவ்வொண்ணும் ஒன்பது மணி தாண்டிப் போச்சு, வீட்டுல ஏச்சு வாங்குனவங்க மன்னிக்கணும்.

முதல் விஷயம், சுவிசேஷம் அங்க 1990ல போய் இறங்கல. செங்கிஸ்கான் காலத்துலயே கெரயிட்டுங்கிற இனத்துல நிறைய பேரு கிறிஸ்தவங்க, கிழக்குச் சபைன்னு சொல்ற சுரியானி சபைய சேந்தவங்க. செங்கிஸ்கானோட பேரன் குப்ளாய்கான், அவரோட அம்மா சோர்காக்தானி பெக்கி அந்த இனத்துப் பொண்ணு, கிறிஸ்தவ பொம்பள. 1254ல வில்லியம் ருப்ருக்குன்னு ஒரு பிரான்சிஸ்கன் சாமியார் மங்கோலியரோட அன்னைய தலைநகர் கரகோரம் வரைக்கும் போய், குப்ளாயோட அண்ணன் மோங்கே கானோட அரமனைல இருக்காரு, அங்க கான் உத்தரவுல கிறிஸ்தவங்க, முஸ்லிம்கள், பௌத்தர்கள் எல்லாரையும் உக்கார வச்சு பட்டிமன்றம் நடக்குது. முடிவுல யாரும் யாரையும் மாத்தல, எல்லாரும் சேந்து நல்லா குடிச்சுட்டு கலஞ்சாங்கன்னு அவரே எழுதி வச்சிருக்காரு. இத வாசிச்சப்ப நம்ம மூத்த அண்ணாச்சி ஒருத்தருக்கு முகம் சுளிச்சுது, ஆனா எழுதினது அவரு, நான் இல்ல.

இன்னொண்ணு எனக்கு ரொம்ப புடிச்சுது. மங்கோலியர் ஆண்ட சீனப் பக்கத்துல இருந்து மார்க்கோஸ்னு ஒரு துறவி எருசலேம் யாத்திரைக்கு கிளம்புறாரு, வழில பாக்தாத் பக்கம் போய் மாட்டி, 1281ல அந்த கிழக்குச் சபைக்கே பேட்ரியார்க், அதாவது தலைமை பிஷப் ஆயிடுறாரு, யாபாலாஹான்னு பேரு. நம்ம பக்கத்து கேரளத்து தோமா கிறிஸ்தவங்க அன்னைக்கு அதே சபைக்குக் கீழ இருந்தவங்க. 1301ல கொடுங்கல்லூர்ல எழுதின ஒரு சுரியானி கையெழுத்துப் பிரதி இன்னும் வத்திக்கான்ல இருக்கு, அதுல பேட்ரியார்க் யாபாலாஹா, துருக்கியர்னு போட்டிருக்கு. அதாவது நம்ம ஊர்ல இருந்து காலைல பஸ் ஏறினா சாயந்தரம் இறங்குற ஒரு ஊருல, அந்தப் புல்வெளி தேசத்து மனுஷன் பேரச் சொல்லி ஜெபிச்சிருக்காங்க. மிஷன்னா வெள்ளக்காரன் கப்பல்ல கொண்டு வந்ததுன்னு நெனைக்கிறவங்க இத ஒரு தடவ யோசிக்கணும்.

அடுத்தது நமக்கு நேரடி சொந்தம். மயிலாடில ரிங்கல்தௌபே ஐயர அனுப்பி நம்ம சபைய தொடங்கின அதே லண்டன் மிஷன் சங்கம்தான் 1870ல ஜேம்ஸ் கில்மோர்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர மங்கோலியருக்குன்னு அனுப்புச்சு. 1891ல தியன்ஜின்ல சாகுற வரைக்கும் அந்த மனுஷன் கூடாரம் கூடாரமா அலஞ்சாரு, அவங்க சாப்பாட சாப்பிட்டாரு, மருந்து கொடுத்தாரு, பாஷைய நல்லா கத்துக்கிட்டாரு. பலன்னு பாத்தா விரல் விட்டு எண்ணுறதுக்குக்கூட கஷ்டம். ஒரே சங்கம், அதே ஜெபம், இங்க ஊர் ஊரா சபை எழும்புச்சு, அங்க ஒண்ணும் நடக்கல. ஊழியக்காரரோட பக்திய தலக்கணக்கு வச்சு அளக்குறவங்க இதுக்கு என்ன சொல்லுவாங்களோ.

கம்யூனிஸ்ட் காலத்தப் பத்தி நம்ம கைல இருந்த துண்டுப்பிரசுரத்துல கிறிஸ்தவங்க பட்ட பாடுன்னு பெருசா இருந்துச்சு. மத்த நாட்டுல அது உண்மை, மங்கோலியாவுல அடிபட்டது யாருன்னா லாமாக்கள், அதாவது புத்த குருமாருங்க. 1924ல மக்கள் குடியரசு ஆச்சு, 1937ல இருந்து ரெண்டு மூணு வருஷம் கம்யூனிஸ்ட் தலைவர் சொய்பால்சான் ஆட்சில மடங்கள இடிச்சுத் தள்ளி, பல்லாயிரம் பேர கொன்னாங்க, அதுல பெரும்பகுதி புத்த பிக்குகள். 1944க்கு அப்புறம் தலைநகர் உலான்பாட்டர்ல கந்தன் மடம் ஒண்ண மட்டும் தொறந்து வச்சு, பாருங்க எங்க நாட்டுல மத சுதந்திரம் இருக்குன்னு வெளிநாட்டுக்காரனுக்கு காட்டுனாங்க. அவங்க ரத்தத்த நம்ம ரத்தம்னு கணக்கு எழுதக் கூடாது, இத அறிக்கைல போடணும்னு நான் கேட்டுக்கிட்டேன், கமிட்டியும் ஒத்துக்கிச்சு.

1989 டிசம்பர்ல உலான்பாட்டர்ல பிள்ளைங்க தெருவுக்கு வந்தாங்க, குளிருல உண்ணாவிரதம் இருந்தாங்க, 1990 மார்ச்சுல பொலிட்பீரோ, அதாவது கம்யூனிஸ்ட் கட்சி மேலிடம், ராஜினாமா பண்ணுச்சு. சோவியத் காசு நின்னுபோச்சு, கடைல சாமான் இல்ல, ரேஷன் கார்டு. வேல போன குடும்பத்துப் பிள்ளைங்க தெருவுக்கு வந்து, குளிருக்கு சுடுதண்ணி பைப்பு போற பாதாள குழிக்குள்ள படுத்துக்கிட்டாங்க, வெளிய மைனஸ் 30. அந்த நேரத்துலதான் கதவு தொறந்துச்சு. நவீன மங்கோலிய மொழில புதிய ஏற்பாடு 1990ல வந்துச்சு, முழு பைபிள் 2000ல. அமெரிக்கா, ஐரோப்பா, எல்லாத்துக்கும் மேல தென்கொரியால இருந்து ஊழியக்காரங்க வந்து இறங்குனாங்க, ஆங்கில கிளாஸ், கம்ப்யூட்டர் கிளாஸ், கஞ்சி, உடுப்பு, கிட்டார், எல்லாம் ஒண்ணா போச்சு. சபைல வந்து சேந்தது பூரா வாலிபப் பிள்ளைங்க, அதுல பொம்பளப் பிள்ளைங்கதான் ஜாஸ்தி. 1995லயே உலான்பாட்டர்ல யூனியன் பைபிள் தியாலஜிக்கல் காலேஜ் தொடங்கிட்டாங்க, அது நல்ல வேல, ஏன்னு கீழ சொல்றேன்.

இடையில ஒரு சங்கதி, நம்ம இந்தியாவும் அப்ப அங்க ஒரு மிஷனரிய அனுப்புச்சு, ஆனா வேற மாதிரி. 1990ல இருந்து 2000 வரைக்கும் அங்க இந்தியத் தூதரா இருந்தது லடாக்கோட குஷோக் பகுலா ரின்போச்சே, புத்த மத குரு. தூதர் வேலையும் பாத்தாரு, ஜனங்களுக்கு ஆசீர்வாதமும் கொடுத்தாரு, மடமும் கட்டுனாரு. பழைய மதம் திரும்ப எழுந்திருச்சதுல அவருக்குப் பெரிய பங்கு. நம்மாளுங்க ஜெபிச்சுட்டு இருந்தப்ப நம்ம கவர்மெண்ட் தூதரே அந்தப் பக்கம்னு ஒரு தம்பி சொன்னதுக்கு எல்லாரும் சிரிச்சோம்.

இப்ப சண்டைக்கு வரேன். ஜூலை கூட்டத்துல அண்ணாச்சி மங்கோலியாவுல எழுப்புதல் காட்டுத்தீ மாதிரி பரவிட்டு இருக்குன்னு சாட்சி சொன்னாரு. சொல்லி முடிக்கல, காலேஜ்ல படிக்கிற நம்ம தங்கச்சி ஒண்ணு எந்திரிச்சு, அண்ணாச்சி சென்சஸ் அப்பிடி சொல்லலயேன்னு போன நீட்டுச்சு. பதினஞ்சு வயசுக்கு மேல உள்ளவங்கள கேட்ட கணக்கு அது. 2010ல கிறிஸ்தவங்க ரெண்டு சதவீதத்துக்கு கொஞ்சம் மேல, 2020ல 1.3%. புத்த மதம் பாதிக்கு கொஞ்சம் மேல, எந்த மதமும் இல்லன்னு சொன்னவங்க 40%. ஒரு நிமிஷம் யாரும் பேசல. அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்துல பேசுனாங்க. கவர்மெண்ட் கணக்க நம்பக்கூடாதுன்னு ஒருத்தர், பிசாசோட தந்திரம்னு ஒரு பெரியம்மா, ஆளு கொரியாவுக்கு வேலைக்குப் போயிருக்கும்னு இன்னொருத்தர். கடைசி ஆளு சொன்னதுல விஷயம் இருக்கு, ஆனா அது மட்டும் காரணமா இருக்காது.

செயலாளர்ங்கிற முறைல என் அபிப்பிராயம் இது, கமிட்டி தீர்மானம் இல்ல. தொண்ணூறுகள்ல வந்த கூட்டத்துல ஒரு பகுதி புது உலகத்தப் பாக்க வந்த கூட்டம், வேற ஜன்னல் தொறந்ததும் போயிருச்சு, இன்டர்நெட் வந்துச்சு, ஆங்கிலம் வேற இடத்துல கிடைச்சுது, சுரங்கத்துல வேல கிடைச்சுது. அதுக்காக அவங்கள கஞ்சிக்கு வந்தவங்கன்னு இளக்காரமா பேசுறவங்க கொஞ்சம் நம்ம கதையையும் பாக்கணும். தெக்கு திருவிதாங்கூர்ல நம்ம பூட்டன் பூட்டி சபைக்கு வந்தப்ப மட்டும் ரோமர் நிருபத்தப் படிச்சு ஆராஞ்சுட்டா வந்தாங்க? வரிக் கொடும, கூலியில்லா ஊழியம், மாராப்பு போட்டா அடி, அதுல இருந்து தப்பிக்க ஒரு ஆதரவு கிடைச்சுது, 1859ல ராஜா உத்தரவு போடுற வரைக்கும் அந்த தோள்சீலைச் சண்டை நடந்துச்சு. அப்பவும் நம்மள அரிசிக் கிறிஸ்தவங்கன்னுதான் சொன்னாங்க. வந்த காரணம் எதுவா இருந்தாலும் இருந்தவங்க இருந்தாங்க, அவங்க பேரப்பிள்ளைங்கதான் இப்ப இந்த ஃபேனுக்குக் கீழ உக்காந்திருக்கோம். மங்கோலியாவுல யாரு இருப்பாங்கங்கிறது அந்தந்த ஊர் போதகர் அந்தந்த ஊருக்காரரா இருக்காரான்னு பொறுத்தது, அதுக்குத்தான் அந்த பைபிள் காலேஜ் முக்கியம்னு மேல சொன்னேன். வெளிநாட்டுக்காரங்களுக்கு விசா பிரச்சனை, வெளிநாட்டு ஆளுக்கு இத்தன உள்ளூர் ஆள் வேலைக்கு வச்சுக்கணும்ங்கிற விகிதம், சபைக்கு ரிஜிஸ்ட்ரேஷன், அத புதுப்பிக்க உள்ளூர் மன்றத்து வாசல்ல நிக்கணும், பதினாறு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்கு வேதம் சொல்லிக்கொடுக்க அப்பா அம்மா எழுத்துல சம்மதம் கொடுக்கணும். 1993 மதச் சட்டம் வந்ததுல இருந்தே இந்த இழுபறி. உள்ளூர் ஆளா இருந்தா இதெல்லாம் சமாளிப்பான்.

செப்டம்பர் கூட்டம் கத்தோலிக்க சபையப் பத்தி. நம்ம சிஎஸ்ஐ கூட்டத்துல எதுக்குன்னு கேள்வி வந்துச்சு, ஆனா எனக்கு இந்த வருஷத்துல நல்லா அமைஞ்ச கூட்டம் அதுதான். 1992ல மூணு குருமாருங்க போய் இறங்குறாங்க, அதுல ஒருத்தர் பிலிப்பைன்ஸ்காரர் வென்செஸ்லாவ் படீயா, பின்னாடி பிஷப். தெருப்பிள்ளைங்களுக்கு வீடு தொறந்தாங்க. முப்பது வருஷம் கழிச்சு 2023 செப்டம்பர்ல போப் பிரான்சிஸ் போறப்ப மொத்த நாட்டுலயும் கத்தோலிக்கர் சுமார் 1,450 பேரு. நம்ம சேகரத்துல பண்டிகை ஆராதனைக்கு வர்ற கூட்டம். அதுக்கு ஒரு கர்தினால், ஜார்ஜியோ மரெங்கோ, 2022ல ஆனப்ப வயசு 48. உள்ளூர்ல இருந்து முதல் குருவானவர் அபிஷேகம் ஆனது 2016ல. யாரும் காட்டுத்தீன்னு சொல்லல.

மரெங்கோ பல வருஷம் இருந்தது அர்வைஹேர்ங்கிற சின்ன ஊரு. அங்க கோயிலே ஒரு கெர், அதாவது அவங்க வட்டக் கூடாரம். வாசல் தெக்கு பாத்து, குனிஞ்சுதான் உள்ள போகணும், நடுவுல அடுப்பு, அதோட புகைக்குழாய் கூரை நடுவுல உள்ள வளையம் வழியா மேல போகுது, சுத்தி கம்பளி ஃபெல்ட், வாசலுக்கு நேர் எதிர்ல வடக்குப்பக்கம் மரியாதைக்குரிய இடம், வீட்டுல மூத்தவங்களும் விருந்தாளியும் உக்காருற இடம், அங்கதான் பீடம். உப்பு போட்ட பால் டீ. போட்டோவ ப்ரொஜெக்டர்ல போட்டப்ப நம்ம அக்காமாரெல்லாம் அடுப்பதான் பாத்தாங்க. உலான்பாட்டர்ல இருக்குற கதீட்ரலும் அதே வட்ட வடிவம்தான். நம்ம ஊர்ல இன்னும் கோபுரம் எத்தன அடின்னு பக்கத்துச் சபையோட போட்டி போட்டுட்டு இருக்கோம், அது வேற விஷயம்.

மரெங்கோ தன்னோட ஊழியத்தப் பத்தி சொல்றப்ப சுவிசேஷத்த காதுல மெதுவா சொல்றதுன்னு சொல்வாரு. அத அவரு எடுத்தது நம்ம நாட்டு ஆர்ச்பிஷப் தாமஸ் மேனாம்பறம்பில்கிட்ட இருந்து, கேரளாவுல பிறந்து குவஹாத்தில ஊழியம் பண்ணவரு. ஸ்பீக்கர் வச்சு ஊரக் கூட்டுற நமக்கு அந்தப் பேச்சு கொஞ்சம் உறுத்துச்சு. குப்பைமேட்டுல ஒரு ஏழை அம்மாவுக்கு மாதா சிலை கிடைச்ச சம்பவமும் பேசுனோம், தார்கான் ஊர்ல, அப்ப அவங்க கிறிஸ்தவங்களே இல்ல, துணில சுத்தி கிடந்தத வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் வச்சிருந்தாங்க, பின்னாடி அது கதீட்ரல்ல வந்துச்சு. சிலை விஷயத்துல நம்ம உபதேசம் என்னன்னு போதகர் ஐயா பத்து நிமிஷம் விளக்குனாரு, அதையும் பதிவு பண்ணிக்கிறேன். போப் அங்க ஜனாதிபதிக்கு கொடுத்த பரிசு 1246ல மங்கோலியப் பேரரசர் கூயுக் கான் அன்னைய போப்புக்கு எழுதின கடிதத்தோட பிரதி, நீ வந்து எனக்குப் பணிஞ்சுக்கோன்னு மெரட்டுன கடிதம் அது. அந்த ஆளுங்களுக்கு சிரிக்கத் தெரியுது.

மத்த காரியங்கள். மங்கோலியாவுக்குன்னு சேத்த காணிக்கைய அங்க அனுப்புறது நம்மள மாதிரி சின்ன ஐக்கியத்துக்கு ஆகுற வேல இல்லன்னு தெரிஞ்சதால அத என்ன பண்றதுன்னு பொதுக்குழுதான் முடிவு பண்ணணும், பாதிப் பேரு ஹாஸ்டல் பிள்ளைங்களுக்கு போர்வைன்னாங்க, பாதிப் பேரு நம்ம மிஷன் ஊழியர் குடும்பத்துக்குன்னாங்க. ஜெபக் குறிப்பு நோட்டுல இனிமே எந்த நாட்டுக் கணக்கு எழுதினாலும் எங்க இருந்து எடுத்ததுன்னு பக்கத்துல எழுதணும்னு தீர்மானம், ஒரு ஓட்டு எதிர்ப்பு, யாருதுன்னு எல்லாருக்கும் தெரியும், அண்ணாச்சி கோவிச்சுக்காதீங்க. இந்த வருஷம் கர்த்தருக்குள்ள நித்திரையான நம்ம மூத்த அங்கத்தினர் பெரியம்மாவுக்காக எழுந்து நின்னு ஜெபிச்சோம், அவங்கதான் டீக்கு இத்தன வருஷம் பால் கொடுத்தவங்க, இப்ப பாக்கெட் பால் வாங்குறோம்.

அடுத்த வருஷத்துக்கு அல்பேனியான்னு தங்கச்சி சொல்லிருக்கு. 1967ல மதத்தையே மொத்தமா தடை பண்ண நாடு, மதர் தெரசாவோட சொந்த இனத்து ஜனம். வேற பேரு இருந்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க. புது கமிட்டிக்கு பேரு கொடுக்கிறவங்க கொடுங்க, செயலாளர் பொறுப்புக்கு கண்டிப்பா யாராவது கொடுங்க, எனக்கு வேல மாத்தம் வரப்போகுது. சந்தா பாக்கி உள்ளவங்க லிஸ்ட் பொருளாளர் அக்காகிட்ட இருக்கு, அவங்க குரூப்புல பேர் போடுறதுக்குள்ள கட்டிருங்க. ப்ரொஜெக்டர் வயர யாரோ வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க, அதையும் கொண்டுவந்து குடுங்க.

செயலாளர்