கொடுத்தவன் வயது

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். எனக்குத்தான் கண்ணாடி மறுபடி மாறிவிட்டது. நாள் முழுக்க மரபணு வரிசைகளை முறைத்துக்கொண்டிருந்தால் வேறென்ன ஆகும்? உன் முதுகுவலி எப்படி? நடக்கிறாயா, சாக்குச் சொல்கிறாயா?

எலும்பும் ஓடும் இல்லாத, மீத்தேன் வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிருக்கு வயது எப்படிக் கணிக்கிறீர்கள் என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி. பதில் ஒரு திருட்டுக் கதை.

நுண்ணுயிர்கள் பெற்றவரிடமிருந்து மட்டும் மரபணு வாங்குவதில்லை. பக்கத்தில் கிடக்கும் அந்நியனிடமிருந்தும் எடுத்துக்கொள்ளும். குரோமோசோமை ஒழுங்காகச் சுருட்டி வைக்க உதவும் சில மரபணுக்களுக்கு, யாருக்கு யார் உறவு என்று காட்டும் கிளைமரம் வரைந்து பார். ஒளிச்சேர்க்கை செய்யும் சயனோபாக்டீரியாக்கள் மொத்தமாகத் தங்கள் சொந்தங்களை விட்டுவிட்டு, மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியாக்களின் (பாக்டீரியா போலத் தெரிந்தாலும் தனிக் குலமான ஒற்றைச் செல் உயிர்கள்) கிளைக்குள் போய் உட்கார்ந்திருக்கும். அவற்றின் மூதாதை அங்கிருந்துதான் எடுத்திருக்க வேண்டும். கொடுத்தவன் வாங்கியவனுக்கு முந்தியவன்தானே? சயனோபாக்டீரியாவுக்கோ பாறையில் புதைபடிவம் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு ஆய்வாளர்கள் ஜோஅனா வுல்ஃபும் கிரெகரி ஃபோர்னியரும் 2018இல் கணக்குப் போட்டார்கள். மீத்தேன் கூட்டம் 350 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது!

இத்தனைக்கும் ஆர்க்கியா ஒன்றின் முழு மரபணுத் தொகுதி முதன்முதலில் வெளியானதே 1996இல்தான். அதுவும் இந்தக் கூட்டத்து ஆள்: ஆழ்கடல் வெந்நீர் ஊற்றில் கிடைத்த, 85 டிகிரி சூட்டில் செழிக்கும் உயிர். அதன் 1,700க்கு மேற்பட்ட மரபணுக்களில் பாதிக்கு மேல், அதுவரை தெரிந்த எதோடும் ஒத்துப்போகவில்லை.

இன்னொரு திருட்டும் உண்டு. மெத்தனோசார்சினா என்ற மீத்தேன் ஆர்க்கியா, கிளாஸ்ட்ரிடியா வகை பாக்டீரியாவிடமிருந்து இரண்டு மரபணுக்களைப் பெற்று, அசிட்டேட்டை (வினிகர் அமிலத்தின் உப்பு வடிவம்) எளிதாக மீத்தேனாக்கக் கற்றது. 25 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பெர்மியன் பேரழிவுக்கு (உயிரினங்கள் பெருமளவில் அழிந்த நிகழ்வு) அந்த ஆர்க்கியாவே காரணமாக இருக்கலாம் என்று 2014இல் ஒரு குழு எழுதியது. எரிமலைகள் கொட்டிய நிக்கல் அதற்குத் தீனி போட்டதாம். மீத்தேன் உண்டாக்கும் நொதிக்கு நிக்கல் தேவை என்பது உண்மைதான். ஆனால் எனக்கு முழுச் சம்மதமில்லை. மரபணு கைமாறியதில் சந்தேகமில்லை. எப்போது என்பதில்தான் பிழை எல்லை சில கோடி ஆண்டுகள். அதை வைத்துக் கொலைப்பழி சுமத்துவது கொஞ்சம் அதிகம்.

அப்புறம், மீத்தேன் உண்டாக்கும் அந்த நொதியின் மரபணுக்கள் 2015இல், யாரும் எதிர்பாராத வேறொரு ஆர்க்கியா கிளையிலும் தட்டுப்பட்டன. நிலக்கரிப் படுகைக் கிணற்று நீரில் இருந்த டிஎன்ஏவைத் துண்டுதுண்டாகச் சேர்த்துக் கண்டார்கள். அது பூர்வீகச் சொத்தா, கைமாறியதா என்ற வழக்கு பெரிது. அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

நீ முதலில் நடக்கப் போ.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்